மட்டையின் விலை – 9: குளிர்காலச் சந்தையில் மூத்த வீரர்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் ஆட்டக்காரர் தமக்குப் பிடித்த அணியோடு தாமே பேரம் பேசும் உரிமையைப் பெற ஆறு பருவங்களின் பணிக்காலத்தை நிறைவு செய்திருக்க வேண்டும். அவ்வாறு நிறைவு செய்து, ஒப்பந்தமும் முடிந்து நிற்பவரே ‘ஃப்ரீ ஏஜென்ட்’ எனப்படுகிறார். 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்பை அடுத்து உருவான இம்முறையில் தொடக்கம் முதலே ஒரு முரண் இருந்துவருகிறது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் முதல் ஆட்டம் ஆடும் ஒருவர் சந்தைக்கு வரும்போது முப்பதைத் தொட்டுவிடுகிறார். மட்டையாளரின் திறன் ஏறத்தாழ 27 வயதில் உச்சத்தை அடைந்து பிறகு இறங்குகிறது என்பதையோ, புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் 1980களின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டிவிட்டார். நெடுங்காலம் அணி உரிமையாளர்கள் இதைப் பொருட்படுத்தாமல் பழைய சாதனைக்குப் பணம் கொடுத்தனர். ஒவ்வோர் அணி அலுவலகத்திலும் புள்ளிவிவர ஆய்வாளர்கள் இடம்பிடித்த பிறகு காற்று திசை மாறியது. 2018 பிப்ரவரியில், பயிற்சி முகாம்கள் திறந்த பின்னும் ஒப்பந்தமின்றி நின்றவர்களுக்காக ஆட்டக்காரர் சங்கமே புளோரிடாவின் பிராடென்டனில் தனி முகாம் நடத்த நேர்ந்தது.

முப்பதைக் கடந்த மட்டையாளர்கள் இப்படி மலிவாகக் கிடைக்கும்போது, அவர்களை ஓர் அணி சேர்த்துக்கொள்வது அறிவுடைமையா என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. கேள்வி சற்றுத் தவறாகக் கேட்கப்படுகிறது என்றே சொல்ல வேண்டும். விலை ஏன் இறங்கியது என்பதுதான் முதலில் ஆராயத்தக்கது. கை வேகம் தளர்ந்ததால் இறங்கியிருந்தால் எந்த விலையும் அதிகமே, மட்டைக்குத் தொடர்பற்ற காரணங்களால் இறங்கியிருந்தால் தயங்குவதற்கு ஏதுமில்லை. இதற்கு நெல்சன் குரூஸ் என்ற டொமினிக்கன் குடியரசு வீரரின் வாழ்வைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

2013 பருவத்தின் முடிவில் குரூஸுக்கு வயது 33. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி ஓராண்டுக்கு 1 கோடியே 41 லட்சம் டாலர் தர முன்வந்தது. அவர் மறுத்துவிட்டுச் சந்தைக்கு வந்தார். பிப்ரவரி வரை காத்திருந்தும் உருப்படியான அழைப்பு வராமல், கடைசியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியில் 80 லட்சம் டாலருக்குச் சேர்ந்தார். சரிவுக்கு மூன்று காரணங்கள் இருந்தன. தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து விவகாரத்தில் 2013 ஆகஸ்டில் அவர் 50 ஆட்டங்களுக்கு விலக்கப்பட்டிருந்தார். அடுத்து, அவர் பந்து தடுப்பதில் மந்தமானவர் என்ற பெயர். 2011 உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், ஒன்பதாம் சுற்றில், இன்னும் ஒரே ஒரு ஸ்டிரைக் விழுந்தால் டெக்சாஸுக்குக் கோப்பை என்ற நிலையில், டேவிட் ஃப்ரீஸ் அடித்த பந்து வலப்புறத் திடலில் நின்ற குரூஸின் தலைக்கு மேலே போய்ச் சுவரில் பட்டது; இன்னும் நான்கடி பின்னே நின்றிருக்கலாமே என்ற ஆதங்கம் டெக்சாஸ் ரசிகர்களுக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. மூன்றாவது காரணம் அன்றைய விதி சார்ந்தது. அணி முன்வைத்த அத்தகைய தொகையை மறுத்து வெளியேறியவரைச் சேர்க்கும் அணி, பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ என்னும் ஆண்டுத் தெரிவில் தன் உயர்ந்த தேர்வு உரிமையை இழக்க வேண்டியிருந்தது.

இம்மூன்றில் எதுவும் அவருடைய மட்டையைத் தொடவில்லை. 2013 பருவத்தில் ஆடிய 109 ஆட்டங்களில் 27 ஹோம் ரன்கள் அடித்திருந்தார். மேலும், அந்த மலிவு பால்டிமோருக்கே உரிய மலிவாகவும் இருந்தது. தன் முதல் சுற்று உரிமையைச் சில நாள்களுக்கு முன்பே ஒரு பந்து எறிபவருக்காக அந்த அணி இழந்திருந்ததால், குரூஸுக்காக அது இழந்தது இரண்டாம் சுற்று உரிமை மட்டுமே. பால்டிமோர் ஆடும் அமெரிக்கன் லீகில் ‘டெசிக்னேட்டட் ஹிட்டர்’ என்ற ஏற்பாடு, அதாவது தடுப்புக்கு இறங்காமல் பந்து எறிபவருக்குப் பதிலாக மட்டை மட்டும் பிடிக்கும் ஏற்பாடு, இருந்ததால் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் அவருடைய தடுப்புக் குறை மறைந்துபோனது. 2014இல் அவர் அடித்த 40 ஹோம் ரன்களை இரு லீகுகளிலும் வேறெவரும் எட்டவில்லை. அணி 96 வெற்றிகளோடு தன் பிரிவில் முதலிடம் பெற்றது. அதன் பின் அவர் கேட்ட நான்காண்டு ஒப்பந்தத்துக்குப் பால்டிமோர் இணங்கவில்லை. வயது ஏறத் திறன் இறங்கும் என்ற கணக்கின்படி அது பிழையற்ற முடிவு. சியாட்டில் 5 கோடியே 70 லட்சம் டாலருக்கு அவரை எடுத்தது. அந்நான்கு ஆண்டுகளில் அவர் 163 ஹோம் ரன்கள் அடித்தார்.

இதைக் கொண்டு மூத்தோரெல்லாம் இலாபம் என்று முடிவு கட்டுவது பேதைமை. 42 வயதில் 25 லட்சம் டாலருக்கு செயின்ட் லூயிஸ் திரும்பி 24 ஹோம் ரன்கள் அடித்த ஆல்பர்ட் புஹோல்ஸை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஏப்ரலில் சேர்ந்து ஜூனில் ஓசையின்றி விடுவிக்கப்பட்டவர்களின் பெயர்களை எவரும் நினைவில் வைப்பதில்லை, அவர்களே எண்ணிக்கையில் மிகுதி. ஊதியம் இங்கே சிறு செலவு. பெருஞ்செலவு, தளர்ந்துவிட்டவருக்கு ஐந்நூறு முறை மட்டை பிடிக்கும் வாய்ப்பைக் கொடுத்து, குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஆடி அந்த ஐந்நூறு வாய்ப்புகளில் தேறியிருக்கக்கூடிய இளைஞனை வெளியே உட்கார வைப்பது.

குரூஸின் பிற்காலமே இதற்கும் சான்றாகிறது. மினசோட்டா ட்வின்ஸ் அணி 2021இல் அவருக்கு ஓராண்டுக்கு 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்தது. பருவம் கைவிட்டுப்போனதும் ஜூலையில் அவரை டாம்பா பே அணிக்கு அனுப்பி, ஜோ ரையன் என்ற இளம் பந்து எறிபவரைப் பெற்றுக்கொண்டது. நாற்பத்தொரு வயது மட்டையைக் கொடுத்து வாங்கிய அந்த இளைஞர் மினசோட்டாவின் முன்னணி எறிவாளராக வளர்ந்தார். தோற்கும் அணிக்கும் மூத்த வீரர் பயன்படும் வழி இது. மறு ஆண்டு வாஷிங்டன் நேஷனல்ஸ், 1 கோடியே 50 லட்சம் டாலருக்கு அதே மனிதரை எடுத்தது. 124 ஆட்டங்களில் 10 ஹோம் ரன்களே வந்தன. ஜூலையில் கேட்டு வாங்க ஆளில்லை. 107 தோல்விகளோடு முடிந்த பருவத்திலும் வரிசையின் நடுவில் அவர் பெயரே எழுதப்பட்டுவந்தது.

2023இல் சான் டியேகோ பேட்ரஸ் அவரைச் சேர்த்தது. ஒப்பந்தத் தொகை 10 லட்சம் டாலர். இம்முறை விலை இறங்கியதற்கு மட்டையைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை. 49 ஆட்டங்களில் 5 ஹோம் ரன்கள். ஜூலைத் தொடக்கத்தில் அவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்.

(தொடரும்)