காசு கேட்காத கருவிகள்: இதெல்லாம் தெரியுமா?

பெரும்புயல் அடித்தால் சனங்களை எந்தெந்த முகாமில் தங்கவைப்பது என்று நியூயோர்க் நகரம் திட்டம் போட்டபோது எடுத்துப் பயன்படுத்திய மென்பொருள் எந்த நாட்டில் பிறந்தது தெரியுமா? அமெரிக்காவில் இல்லை, ஜப்பானிலும் இல்லை. இலங்கையில்! அதுவும் காரைதீவுக் கரையில் ஏறிய அதே சுனாமி அலைக்குப் பிறகு!

2004 டிசம்பர் 26-ஐ இந்தக் கரையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடைய அம்பாறை; பத்தாயிரத்துக்கு மேல். யார் எந்த முகாமில் இருக்கிறார், யாரைக் காணவில்லை, எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது என்பதெல்லாம் ஆளுக்கொரு தாளில் கிடந்தால் என்ன ஆகும்? ஒரு முகாமில் உடுப்பு மலையாகக் குவியும், பக்கத்து முகாமில் பால்மா இருக்காது. இதைத் தீர்க்கத்தான் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனோடு சேர்ந்த தொண்டர்கள் அவசர அவசரமாக ‘சஹானா’ என்ற அந்த மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, யாருக்கு என்ன தேவை என்ற பட்டியல் எல்லாம் ஒரே இடத்தில், இணையத்தில். காசு இல்லை. நிரலையே எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்குப் போனது, 2006-இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்குப் போனது, 2010-இல் ஹெய்ட்டிக்கும் போனது!

இன்னொன்று கேளுங்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்கென்று ஒரு விருது கொடுக்கிறது. 2005-ஆம் ஆண்டுக்கான விருது விக்கிப்பீடியாவுக்கு. அடுத்த ஆண்டுக்கானது? சஹானாவுக்கு!

விக்கிப்பீடியா என்றதும் சொல்ல வேண்டியது: 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா வெறும் கூடாக இருந்தபோது ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அதில் எழுதத் தொடங்கி, அதை நிமிர்த்தியவர் யாழ்ப்பாணத்து இ. மயூரநாதன். இன்று ஒன்றரை இலட்சம் கட்டுரையைத் தாண்டிவிட்டது. அதன் சகோதர அகராதியான விக்சனரியில் சொற்கள் மூன்று இலட்சத்துக்கு மேல். முன்பின் அறியாத ஆட்கள் சேர்ந்து சொல் தேடும் இந்த வேலை இணையத்தோடு வந்தது என்று நினைக்கிறீர்களா? 1936-இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியது. பல துறை அறிஞர்கள் உட்கார்ந்து விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொல் தேடிய அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், நம்முடைய காரைதீவில் 1892-இல் மயில்வாகனமாகப் பிறந்த சுவாமி விபுலாநந்தர்! அவர்களுக்குத் தபாலும் ரயிலும்தான் இணையம்.

சரி, நம்முடைய மேசைக்கு வருவோம். கொமினிகேசன் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய கடிதத்தை ஈமெயிலில் அனுப்பி அவதிப்படாதவர் உண்டா? ‘தமிழ்’ என்று அடித்த சொல், பாமினி இல்லாத கொம்பியூட்டரில் நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகப் பல்லிளிக்கும். அதை மறுபடி முழுதாக அடிக்க வேண்டாம். ஜேர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் செய்த ‘பொங்குதமிழ்’ மாற்றியின் மேற்பெட்டியில் ஒட்டுங்கள், எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், கீழ்ப்பெட்டியில் யுனிகோடாக வந்து விழும். கண் சிமிட்டும் நேரம்!

கூகுள் டொக்ஸின் குரல் தட்டச்சில் தமிழுக்கு நாலு நாட்டு வகை இருப்பது தெரியுமா? இந்தியா, சிங்கப்பூர், மலேசியாவோடு ‘இலங்கை’ என்றும் ஒன்று! குரோம் உலாவியில் திறந்து, மொழிப் பட்டியலில் அதைத் தெரிவுசெய்து, பேசத் தொடங்குங்கள். ‘எங்கட’, ‘உங்கட’ என்று பேச்சுத் தமிழில் கொட்டினால் கொஞ்சம் திக்கும். செய்தி வாசிப்பது போலப் பேசினால் ஓடும். பழைய புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, டொக்ஸால் திறந்தால், படத்துக்குக் கீழே தமிழ் எழுத்தாகவே வரும்! தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களை இணைய நூலகமான விக்கிமூலத்துக்குக் கொண்டுவரத் தன்னார்வலர்கள் கையாண்டதும் இதே எழுத்துணரியைத்தான். பிழை இருக்கும், திருத்தித்தான் ஆக வேண்டும். அதற்காக முழுவதையும் ஆரம்பத்திலிருந்து அடிப்பதா?

டொக்ஸில் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் நூறு பேர் எழுதலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நூறு பேர் எழுதிய கடிதத்தை யார் படிப்பது என்பது வேறு கேள்வி!

எனக்கு இவை எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் கூகுள் ஷீட்ஸில் ஒளிந்திருக்கிறது. கண்ணகை அம்மன் கோயில் சடங்குக் கணக்கோ, மாளிகைக்காட்டில் ஒரு ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் கணக்கோ, கரைவலைப் பங்குக் கணக்கோ, எல்லாம் பொருளாளரின் சீ.ஆர். கொப்பியில் இருக்கும்வரை சந்தேகமும் கூடவே இருக்கும். அதையே ஷீட்டில் போட்டு நாலு பேரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். பந்தல் செலவு 5,000 என்று இருந்த கட்டம் ஒருநாள் 50,000 ஆகிவிட்டது என்று வையுங்கள். கொம்பியூட்டரில் அந்தக் கட்டத்தின்மேல் வலது சொடுக்குப் போட்டு, திருத்த வரலாற்றைக் காட்டச் சொல்லுங்கள். யார் மாற்றினார், எத்தனை மணிக்கு மாற்றினார், முன்பு என்ன இருந்தது, மூன்றும் பெயரோடு வரும்! பொதுக்கூட்டத்தில் குரல் உயர்த்தத் தேவையே இல்லை. ஆனால் ‘இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்’ என்று திறந்துவிட்டால் பெயருக்குப் பதில் முகமறியாத ஒருவர்தான் தெரிவார். ஆளாளுக்கு ஈமெயில் போட்டு அனுமதி கொடுங்கள். அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கத்தை அதில் போடவே வேண்டாம்.

இதையெல்லாம் திறக்கக் குறுக்குவழியும் உண்டு: முகவரிப் பட்டையில் ‘டொக்ஸ் டொட் நியூ’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் வெற்றுத்தாள் ரெடி. ‘ஷீட்ஸ் டொட் நியூ’ அடித்தால் கணக்குத்தாள்!

ஆனால் இலவசத்தில் இரண்டு சாதி. சஹானாவைப் போல நிரலோடு நம்முடையதாகிவிடுவது ஒன்று. காணொளிக் கூட்டத்துக்கான ஜிட்சியும் அந்த வகைதான். கூகுள் கொடுப்பது வீட்டுக்காரர் தந்த திண்ணை. அங்கே இலவசமாகக் கிடைக்கும் 15 ஜீபி இடம் டிரைவுக்கு மட்டுமில்லை, ஈமெயிலும் போட்டோவும் அதற்குள்தான். இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்று விதியே இருப்பது தெரியுமா? சங்கத்துக்கென்று ஒரு கணக்குத் திறந்து, செயலாளர் மாறியதும் கடவுச்சொல்லை மறந்துவிடும் ஊர்களுக்கு இது நல்ல செய்தி இல்லை. 2011 முதலே கூகுளில் ‘டேக்அவுட்’ என்று ஒரு கதவு இருக்கிறது: நம்முடைய ஆவணம், படம், ஈமெயில் அத்தனையையும் கட்டாகக் கட்டி இறக்கித் தரும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முதல் நாள் இறக்கி, ஒரு பென்ட்ரைவைத் தலைவரிடமும் ஒன்றைப் பொருளாளரிடமும் கொடுத்துவிடுங்கள். பென்ட்ரைவுக்கு மட்டும்தான் காசு!