காவிரி ஜலப் பங்கீடும் டெல்டா சாகுபடித் திட்டமும்

காவிரி ஜலம் இனிமேல் அதிகமாகக் கிடைக்குமென்று டெல்டா மிராசுதார்கள் எதிர்பார்க்க இடமில்லை. 2018-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 16-ந் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, சாதாரண வருஷத்தில் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வந்து சேரவேண்டியது 177.25 டி.எம்.சி. ஆகும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நதியின் மொத்த ஜலமாகக் கணக்கிடப்பட்ட 740 டி.எம்.சி.யும் பங்கிடப்பட்டு விட்டது.

மொத்தத்தைவிட மாதக் கணக்கே முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது. ஜூன் மாதத்துக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76 டி.எம்.சி. என்று விதிக்கப்பட்டிருக்கிறது. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான தேதியோ ஜூன் 12. ஆகவே குறுவை நாற்று பெரும்பாலும் முந்திய வருஷம் அணையில் தங்கிய இருப்பைக் கொண்டே வளருகிறது. 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்த அணை, 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு வருஷம் உரிய தேதியில் திறக்கப்படவில்லை. குழாய்க் கிணறு இல்லாத கடைமடைக் குடியானவர்கள் அவ்வருஷங்களில் குறுவையை இழக்க நேர்ந்தது.

நெற்பயிருக்கு ஏறக்குறைய 4 அடி உயரம் ஜலம் வேண்டும் என்று கொண்டால், வயலில் வந்து சேரும் ஒரு டி.எம்.சி. சுமார் 5,700 ஏக்கருக்குத்தான் போதும். வாய்க்காலில் கசிவது வேறு. இக்கணக்கை மனத்திற்கொண்டு, மே மாதக் கடைசியில் அணையின் இருப்பைப் பார்த்த பிறகே குறுவைப் பரப்பை முடிவு செய்வது உசிதம். இருப்புக் குறைந்த வருஷத்தில், கிணற்று வசதியுள்ள நிலத்தில் மட்டும் குறுவை வைத்து, மற்ற நிலங்களைச் சம்பாவுக்கு விட்டுவிடலாம்.

சம்பாவிலும் சேற்றுழவுக்கே 6 முதல் 10 அங்குலம் ஜலம் செலவாகிறது. இதைத் தவிர்க்க வழி புழுதியில் நேரடி விதைப்பு. கோடை மழையில் உழுது பண்படுத்திய நிலத்தில், ஆகஸ்டு, செப்டம்பரில் ஏக்கருக்கு 30 கிலோ வரை விதைத்தால், மழை ஈரத்தில் முளைத்து, வாய்க்கால் ஜலம் வருமுன் பயிர் வேரூன்றிவிடும். நாற்றங்காலும் நடவுக் கூலியும் மிச்சம். களை மாத்திரம் மிகும்; முதல் மாதத்தில் இரண்டு முறை களையெடுக்கத் தயங்குகிறவர்கள் இம்முறையில் இறங்காதிருப்பதே நலம்.

நட்ட வயலில் எப்போதும் ஜலம் நிறுத்த வேண்டுமென்ற எண்ணமும் சரியன்று. துளையிட்ட ஓரடிக் குழாய் ஒன்றைச் சேற்றில் பதித்து உள்ளே மண்ணை எடுத்துவிட்டால், ஜலமட்டம் கண்ணுக்குத் தெரியும். அது தரைக்குக் கீழ் 6 அங்குலம் இறங்கிய பின் பாய்ச்சினால் போதுமானது. நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் தருணமும் இதற்கு விலக்கு. பூக்கும்போது வயல் காய்ந்தால் பதர் மிகும். தலைமடையில் இப்படி மிச்சமாகும் ஜலம் கடைமடைக்குப் போய்ச் சேர, முறைப்பாசனமும் உடன் நடைபெற வேண்டும். தலைமடைக்காரர் மடையை அடைக்காவிட்டால் குழாய் பதித்தும் பிரயோஜனமில்லை.

கிராம நிர்வாக அலுவலர்கள் மே மாதத்துக்குள், எந்தெந்தச் சர்வே எண்ணில் கிணறு உள்ளது, எந்தக் கிளை வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்ற ஜாபிதாவைத் தயார் செய்து வைத்தால், அணை திறக்கும் முன்பே வேலைகளை முடிக்க முடியும். கடலோரக் கிராமங்களில் இன்னொன்றும் அவசியம். அங்கே ஜலத்தை மிதமிஞ்சி இறைத்தால் உப்பு நீர் உட்புகுந்துவிடும். பயிர் நுனி கருகத் தொடங்கினால் அந்தக் கிணற்று ஜலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு தெரியும் வரை இறைப்பதை நிறுத்தி வைக்க வேண்டும்.