ஓடும் பஸ்ஸில் மட்டும் நிற்கும் ஆட்டம்

ஆடும் தரை – 9

கொட்டாம்பட்டியில் மதுரை பஸ் ஏறி உட்கார்ந்துவிட்டால் எனக்கு ஆட்டம் நின்றுவிடும். மேலூர், ஒத்தக்கடை தாண்டி மாட்டுத்தாவணி வரும்வரை உடம்பு பழைய உடம்பாகவே இருக்கும். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்ததும் தரை மறுபடி தூக்கிப் போட ஆரம்பிக்கும். தலைசுற்றல் வேறு, இது வேறு. இதில் அறை சுற்றாது, காது அடைக்காது. முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் உடம்பு அசைந்துகொண்டே இருக்கிற உணர்வு. எதிரில் நிற்பவர் கண்ணுக்கு நான் ஆடாமல் அசையாமல்தான் நிற்பேன்.

அந்தமானிலிருந்து சென்னைக்குக் கப்பலில் திரும்பிய பிறகு இது தொடங்கியதையும், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததையும் முந்தைய வாரங்களில் சொல்லிவிட்டேன். இந்த வாரம், இதோடு எப்படி வாழ்வது என்பதைப் பற்றி.

முதலில் அந்த பஸ் விஷயம். வீட்டில் இதை யாருமே நம்பவில்லை. “வேலைன்னா தள்ளாடுது, மதுரைக்குப் போறதுன்னா மட்டும் சரியாயிருதாக்கும்?” என்று மதினி கேட்டார். கேட்டதில் தப்பில்லை. வெளியில் இருந்து பார்த்தால் நடிப்பு மாதிரிதான் தெரியும். ஆனால் நோயைக் கண்டுபிடிக்க உதவும் சாவியே அதுதான். வண்டியில் போனால் குறைகிறதா என்ற ஒரு கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால், பாதி பரிசோதனைகள் தேவைப்பட்டிருக்காது.

கப்பலை விட்டு இறங்கியவர்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள் தரை ஆடுவது சகஜம். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலிலும், பிறகு சிதம்பரம் கப்பலிலும் வந்து நாகப்பட்டினத்தில் இறங்கிய நம் பெரியவர்களில் பலர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தும் கப்பலிலேயே இருந்திருப்பார்கள். சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்த உணர்வைப் பற்றி எழுதியிருக்கிறார். அது இரண்டு நாளில் அடங்காமல் தங்கிவிடும்போதுதான் நோயாகிறது. 1987ல் அமெரிக்காவில் பிரவுன், பலோ என்ற இரு மருத்துவர்கள் அப்படிப்பட்ட ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் இதைத் தனி நோயாகப் பார்க்கத் தொடங்கியது. பிரெஞ்சுப் பெயர்: மால் டி டிபார்க்மான்.

சமநிலை நோய்களுக்கென்று உலக அளவில் இயங்கும் பரானி சங்கம், 2020ல் இதற்கு வரையறை வகுத்தது. பயணம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் ஆட்டம் தொடங்கியிருக்க வேண்டும். நாளின் பெரும்பகுதி நேரம் இருக்க வேண்டும். வாகனத்தில் போகும்போது தற்காலிகமாகக் குறைய வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் நீடித்த வகை. கப்பல் மட்டும் காரணமில்லை. விமானம், நீண்ட ரயில் பயணம், கார் பயணம் எதற்குப் பிறகும் வரலாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வயதுப் பெண்கள். நாற்பதைத் தாண்டிய பெண் தள்ளாடுது என்று சொன்னால் நம் ஊரில் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பித்தம் என்பார்கள், ரத்தம் பத்தவில்லை என்பார்கள், கடைசியில் மனசுதான் காரணம் என்பார்கள். “ஒருக்கா மந்திரிச்சுட்டு வந்துருங்கக்கா” என்று தெருவில் சொன்னவர்களும் உண்டு. அக்கறையோடுதான் சொன்னார்கள்.

உள்ளே நடப்பது என்ன? இரண்டு காதுகளுக்குள்ளும் எலும்புக்குள் புதைந்தபடி மூன்று மூன்று அரைவட்டக் குழாய்களும், இரண்டு இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. தலை திரும்புவதைக் குழாய்கள் மூளைக்குச் சொல்லும். தலை சாய்வதையும், ஏறி இறங்குவதையும் பைகள் சொல்லும். கப்பலில் ஏறினால் இந்தச் செய்திகள் ஓயாமல் வரும். மூளை முதலில் தவிக்கும், பிறகு அந்தத் தாளத்தைப் படித்துக்கொண்டு அதை ஈடுகட்டத் தொடங்கும். அதனால்தான் இரண்டாம் நாள் கப்பலில் சோறு இறங்குகிறது. கரைக்கு வந்ததும் படித்ததை மறக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களின் மூளை மறப்பதில்லை. இல்லாத அலையை இன்னும் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் நிஜமாகவே அசைவு இருப்பதால் அந்தக் கணக்கு சரியாகிவிடுகிறது. ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம் இது. காது பழுதாகவில்லை என்பதால் ஸ்கேனும் காதுப் பரிசோதனையும் சுத்தமாக வரும். “ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையே” என்பதை “உனக்கு ஒண்ணும் இல்லையே” என்று புரிந்துகொண்டுவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கி எத்தனையோ பெண்கள் வருஷக்கணக்கில் வாய்மூடிக் கிடக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் மிங்ஜியா தாய், பெர்னார்ட் கோஹன் குழுவினர் ஒரு சிகிச்சையை வகுத்து 2014ல் வெளியிட்டார்கள். நோயாளியைச் சுற்றிலும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவரின் தலையை, அவர் உணரும் ஆட்டத்தின் அதே வேகத்தில் தோளுக்குத் தோள் சாய்ப்பார்கள். தப்பாகப் படித்ததை மூளைக்குத் திருப்பிப் படிக்க வைக்கும் முயற்சி இது. 24 பேரில் 17 பேருக்கு முழுமையாகவோ பெருமளவுக்கோ குணமானது. சிலருக்குத் திரும்பவும் வந்துவிட்டது. ஆனாலும் மூளை இதை விட்டுவிட முடியும் என்பதற்கு அது சாட்சி.

நமக்கு அருகில் கிடைப்பது மாத்திரை. “தலைசுத்தலுக்கு ஒரு அட்டை குடுங்கண்ணே” என்று கேட்டால் மருந்துக் கடையில் கேள்வி கேட்காமல் கிடைத்துவிடுகிறது. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற மருந்துகள் அறையே சுழன்று வாந்தி எடுக்கும் முதல் சில நாட்களுக்கு நல்லவை. மாதக்கணக்கில் விழுங்கினால் கெடுதல். காதிலிருந்து போகும் செய்தியை அவை மழுக்கிவிடுவதால், மூளை புதிதாகப் படிப்பதற்கு எதுவும் கிடைக்காமல் போகிறது. வயதானவர்களுக்குக் கை நடுக்கம், நடையில் தளர்ச்சி என்று பார்க்கின்சன் போன்ற தொந்தரவுகளையும் கொண்டுவரலாம். அதற்காக நீங்களாக இன்றே நிறுத்திவிட வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள்.

மாத்திரையை அடுத்து கெடுதல் செய்வது படுக்கை. படுத்தால் சுகமாக இருக்கிறது என்று படுத்தவர்கள் மேலும் மேலும் தளர்ந்துபோகிறார்கள். இதைப் பற்றி எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த வாக்குமூலம் 1952ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. எழுதியவர் ஒரு மருத்துவர்; தலைப்பின் கீழ் பெயர் போடாமல் ஜே.சி. என்ற முதலெழுத்துகள் மட்டும். முழங்காலில் வந்த காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டு, அதனால் அவருடைய இரண்டு காதுகளின் சமநிலை உறுப்புகளும் அழிந்துபோயின. நாடித்துடிப்பின் அசைவுக்கே புத்தகத்தின் எழுத்துகள் துள்ளியதால், கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கு இடையில் தலையை இறுக்கி வைத்துக்கொண்டு படித்திருக்கிறார். தெருவில் எதிரே வருபவரின் முகம் தெரிய வேண்டுமானால் நடையை நிறுத்தி நிற்க வேண்டும். அப்படிப்பட்டவர் கண்ணையும் காலின் உணர்வையும் பழக்கிப் பழக்கி, திரும்பவும் வேலைக்குப் போனார்.

அவர் கதை நமக்குத் தூரத்துக் கதையில்லை. வீட்டிலிருந்தபடியே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய ஆராய்ச்சி 1956ல் சென்னையில் தொடங்கிய மையத்தில் நடந்தது. நம் பக்கத்திலும் தோப்பூர் ஆஸ்பத்திரி என்றால் அந்தக் கால ஆட்களுக்கு ஊசிதான் ஞாபகம் வரும். ஒருமுறை மருந்து கேட்காதவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் போடும் முறை சமீப காலம் வரை அரசுத் திட்டத்தில் இருந்தது. அது உயிர் காத்த மருந்து, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊசி போட்டுக்கொண்ட உங்கள் வீட்டுப் பெரியவர் இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி அன்றாடம். குளியலறைதான் முதல் ஆபத்து. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிய கணத்தில் பிடிமானம் போய்விடும். கண், காது, கால் மூன்றும் சேர்ந்துதான் மனிதனை நிற்க வைக்கின்றன. ஒன்றில் குழப்பம் இருக்கும்போது இன்னொன்றையும் மூடினால் உடம்பு சாயும். ஒரு விரல் நுனி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். எடை தாங்காத அளவு மெல்லத் தொட்டாலே ஆட்டம் குறைகிறது என்று ஜேக்கா, லாக்னர் ஆய்வு 1994ல் அளந்து காட்டியிருக்கிறது. நான் சமைக்கும்போது இடுப்பை மேடையில் லேசாகச் சாய்த்துக்கொள்வது இதனால்தான்.

பயிற்சிக்கு நான் வைத்திருப்பது சுவரில் மாட்டிய தினசரி காலண்டர். அதில் தேதி எண் பெரிதாக இருக்கும். கை எட்டும் தூரத்துக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அந்த எண்ணிலேயே பார்வையை வைத்து, தலையை மட்டும் இடது வலமாகத் திருப்ப வேண்டும். எண் கலங்க ஆரம்பிக்கிற வேகத்துக்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொள்ள வேண்டும். அது பழகியதும் நின்றுகொண்டு. பிறகு பாதங்களைச் சேர்த்து வைத்து. பிறகு மடித்த ஜமுக்காளத்தின் மேல் நின்று. செய்த பிறகு ஆட்டம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டால் அளவு சரி. அடங்காவிட்டால் மறுநாள் குறைக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் தலையில் அடிபட்ட வீரர்களுக்காக இங்கிலாந்தில் காதோர்ன், குக்ஸி இருவரும் வகுத்த பயிற்சிகளின் வழித்தோன்றல்கள் இவை. என் ஆட்டம் இதனால் போய்விடவில்லை. ஆனால் காலை வேலையை முடிக்க முடிகிறது, தெருவுக்கு இறங்க முடிகிறது, ஆட்டம் பின்னணியில் கிடக்கிறது. தூக்கம் கெட்ட மறுநாளும், மாதவிலக்கை ஒட்டிய நாட்களிலும் கூடும். அந்த நாட்களில் வேலையைக் குறைத்துக்கொள்வேன், நடையை நிறுத்த மாட்டேன்.

மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் அந்த 985 தூண்களும் வரிசை வரிசையாக நகரும்போதும், விளக்குத்தூண் ஜவுளிக் கடைகளின் கண்ணாடிக்கும் கூட்டத்துக்கும் நடுவிலும் தொந்தரவு கூடும். செல்போனில் விரலால் தள்ளிக்கொண்டே போனாலும் அப்படித்தான். கப்பல் பக்கமே போகாத பலருக்கும் இதே தொந்தரவு இருக்கிறது. ஒரு தலைசுற்றல் வந்துபோன பிறகோ, ஒரு பெரும் பயத்துக்குப் பிறகோ, மூன்று மாதத்துக்கு மேல் மிதப்பதும் தள்ளாடுவதுமாக இருக்கும். 2017ல் பரானி சங்கம் இதற்கும் வரையறை கொடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இவர்களுக்கு வண்டியில் போனால் பெரும்பாலும் கூடும், எனக்குக் குறையும். வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும். பயிற்சி, மனநல ஆலோசனை, சிலருக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து மூன்றும் சேர்ந்தால் இதில் நல்ல பலன் கிடைக்கிறது. அந்த மருந்தை எழுதிக் கொடுத்தால் பைத்தியம் என்று சொல்லிவிட்டார்களே என்று அழ வேண்டாம். சமநிலைக்கும் பயத்துக்கும் மூளையில் பாதைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன.

ஒரு எச்சரிக்கை. திடீரென்று தள்ளாட்டத்தோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டு இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, எழுந்து நிற்கவே முடியாமல் போனாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். காலண்டரையும் கஷாயத்தையும் விட்டுவிட்டு உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். முழங்காலுக்கும் பக்கவாதத்துக்கும் பயிற்சி சொல்லித்தரும் அவர்களுக்கே சமநிலைப் பயிற்சிகளையும் கற்றுக்கொடுங்கள். இதற்குப் புதுக் கட்டடமோ விலை உயர்ந்த இயந்திரமோ வேண்டியதில்லை. கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஒரு பெண் தரை ஆடுது என்று சொன்னால், வண்டியில் போனால் குறைகிறதா என்று திருப்பிக் கேட்கத் தெரிந்த ஒருவர் அவள் வாசலுக்கு வந்தால் போதும்.

(தொடரும்)