வண்டிக்கு அடியில் – 11: திரும்பும்போது கேட்கும் ‘டக் டக்’

ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து வண்டியை நகர்த்தும்போது முன்சக்கரத்தின் பக்கம் ‘டக் டக் டக்’ என்று சத்தம் கேட்கிறது. நேராக ஓட்டினால் சத்தம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், “ஆக்ஸில் ஜாயிண்ட் தேய்ஞ்சிருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம், ஓடும்” என்பார்கள். ஓடும் என்பது உண்மைதான். தேய்ந்த ஜாயிண்டோடு மாதக்கணக்கில் ஓடும் வண்டிகள் நிறைய உண்டு. ஆனால் அது எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு அந்தப் பதிலில் இடமில்லை. என் வாதம் அந்த ‘எங்கே’ பற்றியது.

அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் என்ஜின் பின்சக்கரங்களைத் தள்ளியது. முன்சக்கரங்களுக்குத் திரும்புவது மட்டுமே வேலை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, முன்சக்கர இழுவையை நம் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தது. இன்று ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். இவற்றில் ஒரே சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். சக்கரம் எந்தக் கோணத்தில் நின்றாலும் சுழற்சி சீராகப் போய்ச் சேர ஒரு மூட்டு தேவைப்பட்டது. 1920-களில் ஃபோர்டு பொறியாளர் ஆல்ஃபிரட் ஷெப்பா வடிவமைத்த ஆறு எஃகுக் குண்டுகள் கொண்ட மூட்டின் வழிவந்ததுதான் நம் கார்களின் வெளி ஜாயிண்ட். 1959-இல் வந்த பிரிட்டனின் மினி கார் அதைச் சாதாரணமான பொருளாக்கியது. குண்டுகள் ஓடும் பள்ளங்கள் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் கறுப்பு கிரீஸும், அதை மூடும் மடிப்பு மடிப்பான ரப்பர் பூட்டும்.

ஜாயிண்ட் தானாகக் கெட்டுப்போவது அரிது. முதலில் கிழிவது பூட். ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்கி விரியும் ரப்பர், வெயிலிலும் சூட்டிலும் இறுகி, மடிப்பில் வெடிக்கிறது. சுழற்சி வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்க, அதே வழியாக மழைத்தண்ணீரும் மணலும் உள்ளே நுழைகின்றன. பள்ளங்களில் குழி விழுகிறது. குண்டு அந்தக் குழியில் விழுந்து எழும் ஒலியே நாம் கேட்பது. அதாவது சத்தம் கேட்கும்போது உலோகம் ஏற்கெனவே சேதப்பட்டுவிட்டது. இந்த நிலையில் கிரீஸை அடைத்துப் புதுப் பூட் மாட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். குழிகள் கிரீஸால் நிரம்பாது. சத்தம் மட்டும் கொஞ்ச நாள் அடங்கும். இருந்த ஒரே எச்சரிக்கையை அணைத்துவிடுவதால், இது சும்மா விடுவதைவிட மோசமான வேலை என்றே நான் நினைக்கிறேன். சத்தம் வருமுன், கிழிசல் கண்ணில் பட்ட உடனே பூட்டை மாற்றினால் அது வேறு கதை; ஜாயிண்ட் பிழைத்துக்கொள்ளும்.

இனி, அது எங்கே உடையும்? நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் நேராகப் போகும்போது மூட்டின் கோணம் குறைவு, சுமையும் குறைவு. “சத்தத்தோடயே சென்னை வரைக்கும் போய்ட்டு வந்தேன்” என்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பயணத்தின் பெரும்பகுதி, மூட்டுக்கு ஓய்வுபோன்றது. முதல் கியரில் நிலைமை வேறு: என்ஜினின் முறுக்குவிசை பத்து மடங்குக்கும் மேல் பெருகிச் சக்கரங்களுக்கு வருகிறது. அந்த நேரம் ஸ்டியரிங்கும் முழுக்க ஒடிந்திருந்தால், பெரிய கோணத்தில் வளைந்த மூட்டின் சில குண்டுகள்மேல் அத்தனை பாரமும் இறங்குகிறது. அப்படிப்பட்ட தருணங்கள் நமக்குத் தெரிந்தவைதான்: நான்குவழிச் சாலையின் சென்டர் மீடியன் இடைவெளியில், எதிரே வரும் லாரிக்கு முன்னால் அவசரமாக எடுக்கும் யூ டர்ன், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில், முழுச் சுமையோடு ஏறும் திருப்பம். சத்தம் எங்கே பலமாகக் கேட்கிறதோ, உடையும் வாய்ப்பும் அங்கேதான் அதிகம். வண்டி நகர்ந்தே ஆக வேண்டிய இடமும் அதுதான்.

“உடைந்தால் என்ன, பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்யுமே” என்று கேட்கலாம். பெரும்பாலும் செய்யும், சக்கரம் கழன்று ஓடிவிடும் என்று பயமுறுத்துவது சரியல்ல, அதைத் தாங்குபவை வேறு பாகங்கள். ஆனால் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் இயல்பை நினைத்துப் பாருங்கள்: ஒரு பக்க ஆக்ஸில் தண்டு அறுந்தால் சுழற்சி முழுவதும் தடையில்லாத அந்தப் பக்கமே ஓடிவிடும். என்ஜின் உறுமும், வண்டி நகராது. மலை இறங்கும்போது என்ஜின் பிரேக்கும் போய்விடும். அறுந்த தண்டு சுழன்று பிரேக் ஹோஸையோ ஏபிஎஸ் ஒயரையோ அடிக்கவும் கூடும். நிறுத்திய வண்டிக்கும் ஆபத்துண்டு. சரிவில் கியரில் போட்டுவிட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கிப்போகும் பழக்கம் நம்மிடம் அதிகம். தண்டு அறுந்த வண்டியை கியர் பிடித்து வைக்காது. ஆட்டோமேட்டிக்கில் ‘பி’ நிலையும் பிடிக்காது. 2020 டிசம்பரில் ஹோண்டா, சாலையில் உப்புத் தூவும் அமெரிக்க மாநிலங்களில், துருவால் தண்டு உடையக்கூடிய கார்களைத் திரும்ப அழைத்தபோது, இழுவை இழப்போடு வண்டி தானாக உருளும் அபாயத்தையும் காரணமாகச் சொன்னது.

செலவு என்ற ஆட்சேபம் நியாயமானது. முழு ஆக்ஸிலின் விலைக்கு முன்னால் கார் வைத்திருப்பவர் தயங்குவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு முன்பே யாரும் சொல்லவில்லை என்பதுதான் பிரச்சினை. பிரிட்டனின் வருடாந்தர எம்ஓடி சோதனையில், அழுக்கு உள்ளே போகும்படி பூட் கிழிந்திருந்தாலே வண்டி தேறாது. சத்தம் வரும்வரை காத்திருப்பதில்லை. இங்கே சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு, அதன்பிறகுதான் தகுதிச் சோதனை. எனவே ஆயில் மாற்ற லிஃப்டில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு முன்சக்கரங்களின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது என்று பொருள். சத்தமே வந்துவிட்ட வண்டியானால், மாற்றும்வரை மலைப்பாதையைத் தவிருங்கள், யூ டர்னை நிதானமாக, எதிர்ச்சாலை முழுக்கக் காலியான பிறகே எடுங்கள், நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். சரிவானால் சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள்.