குஞ்சின் அலகு கோணினால்...

அடைவைத்த 21ஆம் நாள் முட்டைகளிலிருந்து குஞ்சுகள் வெளிவந்ததும், அவற்றின் அலகு நுனியில் வெண்ணிறமாய்ச் சிறு முளை ஒன்றைக் கண்டிருப்பீர்கள். அதனை ஊனமென்று எண்ணி நகத்தால் கிள்ளுவோரும் உண்டு. கிள்ள வேண்டாம். முட்டையோட்டை உடைப்பதற்கென்றே இறைவன் அமைத்த கருவி அது. சில நாட்களில் தானே உதிர்ந்துவிடும்.

உண்மையான தொல்லை பெரும்பாலும் சில வாரங்கள் கழித்தே தெரியவரும். மேலலகு ஒருபுறமும் கீழலகு மறுபுறமுமாக, கத்தரிக்கோலை விரித்தாற்போல் விலகத் தொடங்கும். குஞ்சு வளர வளரக் கோணலும் வளரும். பிறவிக்கூறு, அடைச்சூட்டின் ஏற்றத்தாழ்வு, அடிபடுதல் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். தாய்க்கோழியின் தீனியில் பயோட்டின், ஃபோலிக் அமிலம், மாங்கனீசு போன்றவை குறைந்தாலும் கருவிலேயே அலகு பழுதாகும். அலகு கோணாமல், ரப்பரைப்போல் வளைந்து கொடுத்தால் அது வேறு நோய்: சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் போதாமையால் வருவது. அரிசிக் குருணையை மட்டுமே போட்டு, வெயில்படாத மூலையில் அடைத்து வளர்க்கும் வீடுகளில் இதனைக் காணலாம். குஞ்சுத் தீவனமும் காலை வெயிலும் கிடைத்தால், ஆரம்ப நிலையில் இது சீராகும்.

கோணிய அலகோ நேராவதில்லை. நூலால் கட்டியும் விரலால் அழுத்தியும் குஞ்சை வதைப்பதில் பயனில்லை. ஆயினும் அது வாழ வழியுண்டு. நேரான அலகுடைய குஞ்சு தரையில் கிடக்கும் தானியத்தைக் கொத்திப் பொறுக்கும். இதனால் அது இயலாது, அள்ளித்தான் உண்ண வேண்டும். ஆகவே தீவனத்தை நீரில் பிசைந்து, ஆழமான கிண்ணத்தில், குஞ்சின் மார்பளவு உயரத்தில் வையுங்கள். தண்ணீர்க் கிண்ணமும் அலகு மூழ்கும் ஆழம் இருக்கட்டும். ஆனால் சிறு குஞ்சு தவறி விழாதவாறு அதில் கூழாங்கற்கள் சில போட்டு வைப்பது நலம். மற்றக் குஞ்சுகள் முந்திக்கொண்டு தின்றுவிடுமாதலால், தீனி வேளையில் இதனைத் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள். ஈரத் தீனி அலகில் அப்பிக் காய்ந்தால் புண்ணாகும். நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். குஞ்சு நாள் முழுவதும் கொத்திக்கொண்டே இருக்கும். வயிற்றுக்குள் ஏதும் போயிராது. மாலையில் அடைக்கும்போது கழுத்தடியிலுள்ள தீனிப்பையை விரலால் தடவிப் பாருங்கள். நிறைந்து புடைத்திருந்தால் கவலையில்லை. வெறுமையாய்த் தொங்கினால், அன்றிரவே பிசைந்த தீனியைக் கொடுத்து அருகிலிருந்து உண்ணச் செய்யுங்கள்.

கொக்கிபோல் நீண்ட நுனியை நகம் தேய்க்கும் அரத்தாலோ மெல்லிய உப்புத்தாளாலோ சிறிது சிறிதாகத் தேய்க்கலாம். உள்ளே இரத்த ஓட்டம் உண்டு. வெளிச்சத்தில் பிடித்தால் செந்நிறமாய்த் தெரியும் இடத்தை நெருங்கக் கூடாது. கத்தியை எடுக்கவே வேண்டாம். தவறிக் குருதி கசிந்தால், தூய துணியால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடியுங்கள்.

அலகோரத்தில் பொருக்குகள் தோன்றின், அது கொசுவால் பரவும் கோழியம்மையாக இருக்கலாம். பொருக்கைப் பிய்க்காமல், குஞ்சைத் தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வளர்ந்தபின் இக்கோழி முட்டையிடவும் கூடும். அந்த முட்டைகளை அடைவைக்காது சமையலுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். சேவலாயின் பெட்டைகளோடு விடாதீர்கள்.