டெஸ்ட்டில் 'நார்மல்'... அப்போ உடம்பில் பாதரசம் ஏறவே இல்லையா? வேலையிட ஆபத்து பற்றி ஒரு விளக்கம்

வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தால் தரையில் வெள்ளி மணிகள் உருண்டு ஓடும். சின்ன வயதில் அதை விரலால் தள்ளி விளையாடியவர்கள் நம்மில் நிறைய பேர். அது ஒருநாள் கூத்து. அதே பாதரசத்தோடு தினமும் எட்டு மணி நேரம், வருஷக்கணக்கில் வேலை பார்த்தால் என்ன ஆகும்? பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம், கொடைக்கானல் வரை போனால் போதும்.

கொடைக்கானலில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் இருக்கும் வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் ஆலை ஒன்று, 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம் மாற்றப்பட்டது. 1987-ல் அது யூனிலீவர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு குவிந்து கிடப்பதை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த மாதமே உற்பத்தி நின்றது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது.

குப்பை திரும்பிப் போனது. வேலை பார்த்தவர்களின் உடம்பு? நடுக்கம், மறதி, சிறுநீரகக் கோளாறு என்று முன்னாள் தொழிலாளர்கள் புகார் சொன்னார்கள். பாதரசத்தால் யாருடைய உடல்நலமும் பாதிக்கப்படவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் பல வருஷம் ஓடியது. 2016 மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளர்கள் மற்றும் அவர்களது குடும்பத்தினருடன் சமரசம் ஏற்பட்டது. ஆலை மூடி அதற்குள் 15 வருஷம் ஓடிவிட்டது.

பாதரசம் உடம்புக்குள் எப்படிப் போகிறது?

பாதரசத்தை விழுங்கினால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறோம். உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். திரவப் பாதரசத்தை விழுங்கினால் குடல் அதை உறிஞ்சுவது மிக மிகக் குறைவு. ஆனால் அதன் ஆவியை மூச்சில் இழுத்தால், சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், பாதரசம் ஆவியாக அடுப்பு தேவையில்லை. சாதாரண அறை வெப்பமே போதும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 20 டிகிரி செல்சியஸில் மூடிய அறை ஒன்றில் ஆவி முழுதாக நிறைந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் 13 மில்லிகிராம் வரை போகலாம். பழைய தொழிற்சாலைகள் சட்டம் எட்டு மணி நேர சராசரியாக அனுமதித்த அளவு 0.05 மில்லிகிராம்தான். அதாவது 250 மடங்குக்கும் மேல்!

ஆவி முதலில் கைவைப்பது நரம்பு மண்டலத்திலும் சிறுநீரகத்திலும். கை நடுங்கும், ஈறு வீங்கும், தூக்கம் கெடும், காரணமில்லாமல் எரிச்சலும் கூச்சமும் வரும். "வயசாகுது", "டென்ஷன்" என்று கடந்துபோகிற அறிகுறிகள்தான் எல்லாமே.

டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடாதா?

தெரியும், ஆனால் சரியான நேரத்தில் எடுத்தால் மட்டும்தான். ஆவியாக உள்ளே போன பாதரசத்தை அளக்க சிறுநீர்ப் பரிசோதனை நல்ல வழி. ஆனால் உடம்பில் இருக்கும் அளவு சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். வேலையை விட்டு ஒரு வருஷம் ஆனால் ஆறு முறை பாதியாகியிருக்கும். 64-ல் ஒரு பங்குதான் மிச்சம்.

அதனால் இரண்டு, மூன்று வருஷம் கழித்து எடுக்கும் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வரலாம். இப்போது உடம்பில் பாதரசம் அதிகம் இல்லை என்பதே அதன் அர்த்தம். அன்றைக்கும் இல்லை என்றோ, நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றோ அதற்கு அர்த்தம் கிடையாது. வேலையில் இருந்தபோது எடுத்த ரிப்போர்ட்தான் சாட்சி. அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் நியாயம் நிற்கிறது.

சட்டம் என்ன சொல்லுது?

போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-சி பிரிவு சேர்ந்தது. ஆபத்தான பொருளைக் கையாளும் தொழிலாளியை வேலையில் அமர்த்தும் முன் பரிசோதிக்க வேண்டும். வேலையில் இருக்கும்போதும், அந்த வேலையை விட்ட பிறகும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும். பதிவுகளைத் தொழிலாளி பார்க்கவும் வழி இருக்க வேண்டும். பழைய சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் 2020-ன் தொகுப்புச் சட்டத்திலும் இதே கடமை உண்டு. பாதரச நச்சு, அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது.

நிறுவனம் என்ன செய்யணும்?

முகமூடி கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. வரிசை இதுதான்:

1. பாதரசமே வேண்டாம் என்றால் முதலில் அதை மாற்றணும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் அப்படி வந்ததுதான்.
2. மாற்ற முடியாவிட்டால் வேலையை மூடிய அமைப்புக்குள் கொண்டுபோகணும். ஆவி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்கணும், காற்றை அடிக்கடி அளக்கணும்.
3. தரையில் விரிசலோ இடுக்கோ இருக்கக் கூடாது. உள்ளே போன துளி மாதக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.
4. வேலை உடுப்பு வீட்டுக்குப் போகக் கூடாது. துவைப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அந்த உடுப்போடு வீட்டுக்குப் போனால் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கும்.
5. கடைசியாகத்தான் முகமூடி. அதுவும் பாதரச ஆவிக்கென்றே உள்ள வடிகட்டியோடு. துணி மாஸ்க், என்-95 எல்லாம் தூசிக்கு ஓகே, ஆவியை நிறுத்தாது.

இது பழைய கதைதானே?

இல்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017-ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2018-ல் அதை ஏற்றது. ஆனாலும் பழைய பிபி கருவியைத் துடைக்கும் நர்ஸ், பல் கிளினிக்கில் அமால்கம் கலக்கும் உதவியாளர், ட்யூப்லைட்டையும் சிஎஃப்எல் பல்பையும் உடைத்துப் பிரிக்கும் காயலான் கடைத் தொழிலாளி என இன்றும் பலர் பாதரசத்தின் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒருவருக்கும் 41-சி என்றால் என்னவென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் ஆபீஸ், கிளினிக், லேப் எங்கேயாவது சிந்தினால் துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் வேண்டவே வேண்டாம். இரண்டுமே துளியைப் பரப்பி ஆவியைக் கூட்டும். ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியே அனுப்புங்க. கையுறை போட்டு, கெட்டியான அட்டையால் துளிகளை ஒன்று சேர்த்து, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு அபாயக் கழிவாக ஒப்படையுங்க. சிங்க்கில் ஊற்றாதீங்க.

பாதரசம் இருக்கும் இடத்தில் உங்களுக்கோ தெரிந்தவருக்கோ வேலை என்றால், இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். கடைசியாக எடுத்த மருத்துவப் பரிசோதனையின் நகலைக் கேட்டு வாங்கி, போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்க. நகல் இல்லை, பரிசோதனையே நடக்கவில்லை என்று பதில் வந்தால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் எழுத்துமூலமாகப் புகார் கொடுக்கலாம். பதினைந்து வருஷம் கழித்துத் தேடினால் அந்தத் தாள் கிடைக்காது.