ஊசி வைத்தியமும் நம் கல்லாப் பெட்டியும்



சில காலமாகவே நகரத்து அக்குபங்சர் சிகிச்சை நிலையங்களிலிருந்து செய்தி மடல்களும் துண்டுப் பிரசுரங்களும் நம் கடைகளுக்கு வந்த வண்ணம் இருக்கின்றன. "இடுப்பு வலியா? மூட்டு வலியா? மருந்தில்லா மருத்துவம்" என்று தொடங்கும். கீழே போகப் போகச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கல், தைராய்டு என்று பட்டியல் நீளும். ஒரு கட்டைக் கொண்டு வந்து, "அண்ணாச்சி, கல்லா மேலே வையுங்கள், சாமான் வாங்குகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக் கொள்ளட்டும்" என்று கேட்பவர்களும் உண்டு. இதை நம்பலாமா, போய்ப் பார்க்கலாமா என்று உறுப்பினர்கள் பலர் கேட்பதால், நாம் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். நாம் மருத்துவர் இல்லை. மாதிரியைக் கையில் கொட்டிப் பார்த்துவிட்டு மூட்டைக்கு விலை பேசுகிற பழக்கம் மட்டும் நமக்கு உண்டு.

முதலில் அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சீனாவில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வைத்திய நூல்களிலேயே இம்முறை சொல்லப்பட்டிருக்கிறது. சீனப் பெயருக்கு "ஊசியும் சூடும்" என்று பொருள். ஊசி குத்துவதோடு, ஒரு மூலிகைப் பஞ்சைக் கொளுத்தி உடம்புக்கு அருகே காட்டிச் சூடு கொடுப்பதும் அதில் அடக்கம். அந்த மூலிகை வேறெதுவும் இல்லை, நம் பூக்கடையில் மணக்கும் மரிக்கொழுந்துக்கு உறவான மாசிபத்திரி இனம்தான்.

அக்குபங்சர் என்பது லத்தீன் மொழிச் சொல். ஊசி, குத்துதல் என்ற இரண்டையும் சேர்த்தது. இந்தப் பெயரை ஐரோப்பாவுக்குக் கொடுத்தவர் டென் ரைன் என்ற டச்சு மருத்துவர். அவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். ஜப்பானில் கம்பெனியின் பண்டகசாலையில் இருந்தபோது இந்த வைத்தியத்தைக் கண்டு, 1683ல் நூலாக எழுதினார். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் துணி வாங்கிய அதே கம்பெனிதான். சரக்கு போகிற கப்பலில் வைத்தியமும் சேர்ந்து போயிருக்கிறது!

பிறந்த நாட்டிலேயே இதற்கு ஏற்ற இறக்கம் உண்டு. 1822ல் சீனப் பேரரசர் தம் அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசி வைத்தியம் கூடாது என்று ஆணையிட்டார். 1950களில் மா சேதுங் ஆட்சி, போதிய டாக்டர்கள் இல்லாத நிலையில், மறுபடியும் அதைத் தூக்கி நிறுத்தியது. இந்தியாவுக்கு வந்த வழி நமக்குப் பெருமை தருவது. 1938ல் போரில் அடிபட்ட சீன மக்களுக்கு உதவ இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அங்கேயே 1942ல் உயிர் நீத்த டாக்டர் கோட்னிஸ் பெயர் பலருக்கும் தெரியும். அந்த ஐவரில் ஒருவரான கல்கத்தா டாக்டர் பிஜய் குமார் பாசு, பிற்பாடு மீண்டும் சீனா சென்று ஊசி முறையைக் கற்று வந்து, 1959 முதல் கல்கத்தாவில் சிகிச்சை செய்தார். ஆங்கில மருத்துவம் படித்த ஒருவர் கைவழியேதான் இது நம் நாட்டில் கால் ஊன்றியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

உலகம் முழுக்கப் பேச்சானது 1971ல். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குச் சீனத் தலைநகரில் குடல்வால் அறுவை நடந்தது. ஊசி குத்தியே மயக்கம் இல்லாமல் வயிற்றைக் கிழித்தார்கள் என்று இன்றும் சொல்லிக் கொள்கிறார்கள். அது தவறு. அறுவை வழக்கமான மரப்பு மருந்து கொடுத்துத்தான் நடந்தது. பின்னர் வயிற்றில் ஏற்பட்ட உப்புசத்துக்குத்தான் ஊசி வைத்தார்கள். அவரே அப்படித்தான் எழுதினார். ஒரு சந்தையில் கிளம்பிய விலை அடுத்த சந்தைக்குப் போவதற்குள் இரட்டிப்பாவது நமக்குத் தெரியாததா?

இனி, ஊசி எப்படி வேலை செய்கிறது? சீன மரபுப்படி உடம்பில் 12 முதன்மைப் பாதைகளில் உயிர்ச்சக்தி ஓடுகிறது. அது தடைப்பட்டால் நோய். அந்தப் பாதைகளில் உள்ள முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகளைத் தூண்டினால் தடை நீங்கும். உடலை அறுத்துப் பார்த்தவர்கள் இப்படியொரு பாதையைக் கண்டதில்லை. ஆனால் ஊசி குத்தும்போது நரம்புகள் தூண்டப்பட்டு, மூளையிலும் தண்டுவடத்திலும் வலியைத் தணிக்கும் எண்டார்பின் என்ற பொருள் சுரக்கிறது என்று 1970களில் நடந்த சோதனைகள் காட்டின. எண்டார்பினைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது ஊசியால் கிடைத்த வலிக்குறைவும் மறைந்தது. ஆகவே வலியைப் பொறுத்தவரை இதில் ஏதோ ஒரு சரக்கு இருக்கிறது.

எவ்வளவு சரக்கு என்பதற்கு ஜெர்மனியில் நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறைப்படியான ஊசி. இன்னொரு பிரிவுக்கு, அவர்களுக்குத் தெரியாமல், புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மாத்திரை, உடற்பயிற்சி முதலியன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் நூற்றுக்கு 47.6 பேருக்கும், இரண்டாம் பிரிவில் 44.2 பேருக்கும், மூன்றாம் பிரிவில் 27.4 பேருக்கும் குணம் தெரிந்தது. முடிவு 2007ல் வெளியாயிற்று.

இந்தக் கணக்கை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஊசி போட்டுக் கொண்டவர்களுக்கு, போடாதவர்களை விட நிச்சயமாக நல்ல பலன். ஆனால் சரியான புள்ளியில் குத்தினாலும் தவறான இடத்தில் குத்தினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நோயாளியின் நம்பிக்கை, அரை மணி நேர ஓய்வு, வைத்தியர் பொறுமையாகக் கேட்பது, இவற்றுக்கும் பலனில் பங்கு இருக்கிறது என்பது நம் கருத்து. அதனால் அதை ஏமாற்று என்று நாம் சொல்ல மாட்டோம். ஜெர்மனியில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் 2007 முதல் இடுப்பு வலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் ஊசிச் செலவை ஏற்கின்றன. இங்கிலாந்திலோ, இடுப்பு வலிக்கு ஊசி போடலாம் என்று 2009ல் சொன்ன அரசுக் குழு 2016ல் அதை எடுத்துவிட்டது. 2021ல் காரணம் புலப்படாத நாள்பட்ட வலிக்கு மறுபடி பரிந்துரைத்தது. தலைவலிக்கும், அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. குமட்டலுக்கு உள்மணிக்கட்டு ரேகைக்கு மூன்று விரல் மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே உள்ள புள்ளி. கொள்முதலுக்குப் பேருந்தில் போகும்போது வயிற்றைப் புரட்டினால் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம், நஷ்டம் ஒன்றுமில்லை.

நம் தொழிலில் இடுப்பு தப்பியவர் யார்? 100 கிலோ சர்க்கரை மூட்டை புரட்டிய காலத்து ஆட்கள் நாம். இன்று மூட்டை சிறுத்துவிட்டது; ஆனால் கல்லாவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒரே ஸ்டூலில் குனிந்து சிட்டை எழுதுவது குறையவில்லை. ஊசியால் வலி குறைந்த பிறகும் அதே ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்தால் வலி திரும்பத்தான் செய்யும். முதுகுச் சாய்வுள்ள நாற்காலி, மணிக்கொரு தரம் எழுந்து நிற்பது, எடை தூக்கும்போது முழங்காலை மடக்குவது, இவையும் சிகிச்சையின் பகுதிகளே.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஊசி மெல்லியது, மயிரிழை போல, கால் மில்லிமீட்டர் அளவுதான். குத்தும்போது வலியை விட ஒரு கனமான மந்த உணர்வு தோன்றும். 20 முதல் 30 நிமிடம் வைத்திருப்பார்கள். வெறும் வயிற்றில் போக வேண்டாம், சிலருக்குத் தலை சுற்றும். ஊசி உங்கள் கண் முன்னே புதிய உறையைப் பிரித்து எடுக்கப்பட வேண்டும். ஒருமுறை பயன்பட்டதை எறிந்துவிட வேண்டும். மறுபடி பயன்படுத்திய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவிய சம்பவங்கள் வெளிநாடுகளில் உண்டு. மார்பிலும் தோளிலும் ஆழமாகக் குத்தி நுரையீரலில் காற்றுக் கசிந்ததும், அபூர்வமாக, நடந்திருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசியில் மின்சாரம் பாய்ச்சும் முறையும் இருக்கிறது.

யாரிடம் போவது? மத்திய அரசு 2003ல் இதை ஒரு சிகிச்சை வகையாகவும், 2019ல் தனி முறையாகவும் ஏற்றது. மேற்கு வங்கத்தில் 1996லேயே தனிச் சட்டம் வந்தது. மகாராஷ்டிரத்திலும் பின்னர் சட்டம் இயற்றினார்கள். நம் பக்கத்தில் ஒரு வாரம், ஒரு மாதம் வகுப்புக்குப் போய்விட்டுப் பலகை மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். என்னும் இயற்கை மருத்துவப் பட்டப் படிப்பில் அக்குபங்சர் ஒரு பாடம். என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஜி.எஸ்.டி. எண் கேட்காமல் யாரிடமாவது நாம் சரக்கு எடுக்கிறோமா?

இப்போது கசப்பான செய்தி. ஊசிகூட இல்லாமல் ஒரு விரலால் தொட்டே எல்லாம் தீரும், மாத்திரைகளை நிறுத்துங்கள் என்று சொல்லும் ஒரு பிரிவு தமிழ்நாட்டில் பரவியிருக்கிறது. நம் கடைவீதியில் சில்லறைக் கடை வைத்திருந்த ஒருவர் அந்தப் பேச்சைக் கேட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். முதல் இரண்டு வாரம் உடம்பு லேசாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னார். காலில் புண் வந்தபோது, "கழிவு வெளியேறுகிறது" என்று அவருக்குச் சொல்லப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் மகன் பள்ளியை விட்டுக் கடைக்கு வந்துவிட்டான். சர்க்கரையையோ இரத்தக் கொதிப்பையோ மாத்திரை இல்லாமல் ஊசி பார்த்துக் கொள்ளும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. வலிக்கு ஊசி போடுபவர் மற்ற மாத்திரைகளைத் தொடரத்தான் சொல்ல வேண்டும். "நிறுத்து" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இடது தோளிலும் கையிலும் இறங்கும் வலி, வியர்வையோடு வரும் மார்புப் பிடிப்பு, இடுப்பு வலியோடு கால் மரத்து சிறுநீர் கட்டுப்படாமை, இவற்றுக்கு ஊசி நிலையத்தின் வாசலையே மிதிக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி.

துண்டுப் பிரசுர விஷயத்துக்கு வருவோம். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கல், புற்றுநோய் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மருந்துக்கே கூடாத பேச்சை ஊசிக்காக நம் கல்லாவிலிருந்து கொடுப்பானேன்? வாடிக்கையாளர் அந்தக் காகிதத்தை வைத்தியரை நம்பி எடுப்பதில்லை. இருபது வருடமாகப் பருப்பு கொடுக்கிற கை கொடுத்தது என்று நம்பி எடுக்கிறார்.

நம் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பிரசுரம் கொண்டு வருபவரிடம் முழுவதையும் படித்துப் பார்ப்போம். வலி, தலைவலி, குமட்டல் என்று நின்றால், வைத்தியரின் படிப்பும் பதிவு எண்ணும் அச்சிட்டிருந்தால், வைக்கச் சொல்வோம். சர்க்கரை என்ற சொல் இருந்தால் கட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவோம். சென்ற மாதம் அப்படித் திருப்பி வாங்கிப் போன ஒருவர், பதினைந்து நாளில் அந்த வரியை எடுத்துவிட்டுப் புதிதாக அச்சடித்துக் கொண்டு வந்தார். அது இப்போது தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது.